வளைத்துப் போட்ட கோடு

போன வருடம் பிப்ரவரி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. புனேயிலிருந்து எந்தச் சாலையில் போய், எந்தக் கிராமத்தில் திரும்ப வேண்டும் என்று எழுத ஆரம்பித்து, உடனே அடித்துவிட்டேன். புனேக்கு வெளியே ஒரு புல்வெளிக் காப்பகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அனுமதி தர வேண்டியவள் என் மகள்.

எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். பிழைப்பு புனேயை ஒட்டிய ஆகுர்டியில், வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில். கல்யாணத்துக்கு முன்பே இங்கே வந்தவன். குவாலிட்டி பிரிவில் வேலை. கோணலாக இருப்பதைக் கண்டுபிடித்து ஒதுக்கி வைப்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். சுவரில் காலண்டர் லேசாகச் சாய்ந்திருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. தோசையைக்கூட ரிஜெக்ட் செய்கிற ஒரே மனுஷன் இவர்தான் என்று என் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

எங்களுக்கு ஒரே மகள். பதினொன்றாம் வகுப்பு. புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் வாயில் மராத்தி ஓடும், ஹிந்தி நடக்கும், தமிழ் மட்டும் நொண்டும். தீபாவளி முடிந்த கையோடு, ஏதோ இயற்கைப் பாதுகாப்புக் குழு என்று அதில் சேர்ந்தாள். பெரும்பாலும் இவள் வயதுப் பிள்ளைகள், இன்னும் சின்னவர்களும் சிலர். குழுவை நடத்துவது விலங்குகளைப் பற்றி மேல்படிப்பு படிக்கிற ஒரு பெண். பிள்ளைகள் அந்தப் பெண்ணை 'தாயி' என்று கூப்பிடுவார்கள், மராத்தியில் அக்கா என்று அர்த்தம். ஞாயிறு விடிவதற்குள் டெம்போவில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள்.

மரம் நடத்தான் போகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டால், மரத்தைப் பிடுங்கப் போகிறார்களாம். யாரோ நல்ல மனது பண்ணி அந்தப் புல்வெளியில் நட்டுவிட்டுப் போன கன்றுகளையெல்லாம் இவர்கள் வேரோடு எடுக்கிறார்கள். புல்வெளியில் மரம் வளர்ந்தால் புல் போய்விடும், புல்லை நம்பியிருக்கிற உயிர்களும் போய்விடும் என்று அவள் விளக்கினாள். எனக்கு அது தலைகீழ்ப் பாடமாக இருந்தது. சரி, ஏதோ நல்ல காரியம், போய்விட்டு வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

பொங்கலுக்குப் பிறகுதான் வினை ஆரம்பித்தது. அவள் போக்கே மாறிவிட்டது. நான் அறைக்குள் வந்தால் போனைக் கவிழ்த்து வைப்பாள். பால்கனியில் நின்று கிசுகிசுவென்று மராத்தியில் பேசிக்கொண்டிருப்பாள், நான் துணி எடுக்கப் போனால் பேச்சு சட்டென்று நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை கோச்சிங் சென்டரில் நடக்கிற தேர்வுகளை வரிசையாக விட்டாள். மற்ற தேர்வுகளிலும் மார்க் இறங்கிக்கொண்டே வந்தது. கையெல்லாம் கீறல், முடியெல்லாம் புழுதி. அப்படி அங்கே என்னதான் இருக்கிறது என்று எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில்தான்: "புல்லுதான்ப்பா."

பதினாறு முடிந்து பதினேழு நடக்கிற பெண்ணைப் பெற்றவனுக்கு என்ன தோன்றுமோ அதுதான் எனக்கும் தோன்றியது. எனக்குத் தோன்றியதை என் மனைவி வாய்விட்டே சொல்லிவிட்டாள். யாராவது பையனாக இருக்கும் என்றாள், மகள் காதிலும் விழுகிற மாதிரி.

அன்று ராத்திரி சாப்பிடும்போது தீர்ப்பைச் சொல்லிவிட்டேன். இந்த ஞாயிறு நானும் வருகிறேன், அதுதான் உனக்குக் கடைசி ஞாயிறு, அதன் பிறகு கோச்சிங், வீடு, படிப்பு, அவ்வளவுதான். அழுவாள், கதவை அறைந்து சாத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தட்டில் சோற்றைக் கொஞ்ச நேரம் அளைந்துகொண்டிருந்தாள். கண் தளும்பி நின்றது, விழவில்லை. "வாங்கப்பா. ஒரு நாள் வேலை செஞ்சு பாருங்க. அப்புறமா சொல்லுங்க," என்று மட்டும் சொன்னாள்.

டெம்போவில் நான் ஒருவன்தான் நரைத்த தலை. பிள்ளைகள் தூங்கி வழிந்தபடி வந்தார்கள். நானோ ஒவ்வொரு பையனாகப் பார்த்துக்கொண்டே வந்தேன், இவனா, அவனா என்று. கண்ணாடி போட்ட ஒருவன் என் மகளுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தான். அவன் முகத்தை மனதில் குறித்துக்கொண்டேன்.

இறங்கியதும் எனக்கு ஏமாற்றம்தான். காப்பகம் என்றால் பச்சைப் பசேலென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல், தேங்காய் நார் நிறத்தில். நடுநடுவே கல் மேடுகள். ஒரு பக்கம் தொலைவில் தார்ச்சாலை, அதில் எறும்பு மாதிரி லாரிகள். இதற்காகவா என் பெண் படிப்பைக் கோட்டைவிட்டாள் என்று எரிச்சலாக வந்தது.

அன்றைய வேலை தீத்தடுப்புக் கோடு. கோடை வந்தால் சாலைப் பக்கமிருந்து எப்படியாவது தீ வந்துவிடும். ஒரு பீடித் துண்டு போதும். அதனால் சாலைக்கும் காப்பகத்துக்கும் நடுவே, ஒரு லாரி போகிற அகலத்துக்குப் புல்லை அறுத்து, வாரி, வெறும் மண் தெரிகிற அளவுக்குச் சுத்தம் செய்கிறார்கள். தீ அந்த மண்ணுக்கு வந்தால் தின்ன ஒன்றும் இல்லாமல் நின்றுவிட வேண்டும். அதுதான் கணக்கு. பிள்ளைகள் வரிசையாகக் குனிந்து கதிர் அரிவாளால் அறுப்பார்கள், அவர்களுக்குப் பின்னால் இன்னொரு வரிசை வாரும், மூன்றாவது வரிசை அள்ளிக்கொண்டு போய்க் கொட்டும். அரிவாளை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அந்தக் கண்ணாடிப் பையன் எனக்குக் காட்டிக்கொடுத்தான். ஒரு மணி நேரத்தில் என் இடுப்பு என்னுடையதாக இல்லை. ஏற்கெனவே போட்டு முடித்த கோட்டைப் பார்த்தபோது மட்டும், தொழில்காரன் என்ற முறையில் எனக்குத் திருப்தியாக இருந்தது. நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிருந்தது.

ஆனால் ஓரிடத்தில் அது கெட்டுப்போனது. நேராக வந்த கோடு, ஒரு கல் மேட்டுக்குப் பக்கத்தில் திடீரென்று சாலைப் பக்கமாகத் திரும்பி, அந்த மேட்டை அரை வட்டமாகச் சுற்றிக்கொண்டு, பழைய பாதைக்கே திரும்ப வந்திருந்தது. நடந்து பார்த்தேன். பள்ளம் இல்லை, பாறை இல்லை, திரும்புவதற்கு ஒரு காரணமும் இல்லை. நேராக வெட்டியிருந்தால் எவ்வளவோ வேலை மிச்சம். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளை இந்த ஒரு வளைவு தின்றிருக்கும் என்று நினைத்தபோது ஆத்திரம் வந்தது. இது ஏன் இப்படிக் கோணலாகப் போகிறது என்று ஹிந்தியில் கேட்டேன். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிலம் அப்படி, அங்கிள் என்றாள் தாயி. நிலம் அப்படி இல்லை என்பது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

ஆக, வேலையை வேண்டுமென்றே இழுக்கிறார்கள், ஒன்றாகச் சுற்றுவதற்கு ஒரு சாக்கு என்று முடிவு செய்தேன். மகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் அரிவாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், அந்தப் பக்கம் நல்ல புல்லு இருக்குப்பா என்று.

"போதும் பாப்பா. அடுத்த ஞாயிறு நீ வர்றது கெடையாது," என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போய் வரிசையில் குனிந்துகொண்டாள். கடைசி நாள் என்று தெரிந்த பிறகும் அவள் கை நிற்கவில்லை. அதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மத்தியானம் ஒரு வேப்பமரத்தடியில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் மனைவி கொடுத்தனுப்பிய எலுமிச்சைச் சாதம் கைக்குக் கை போய் எனக்கே இல்லாமல் தீர்ந்துவிட்டது. பதிலுக்கு யாரோ பாக்ரி என்கிற சோள ரொட்டியும் பச்சை மிளகாய்த் துவையலும் நீட்டினார்கள். முதல் வாய் வைக்கும்போது, காலையிலிருந்து எங்களோடு சுற்றிக்கொண்டிருந்த வனக்காவலரின் விசில் கேட்டது. சாலைப் பக்கம் பழுப்பாகப் புகை எழுந்துகொண்டிருந்தது. காற்று அங்கிருந்து எங்களை நோக்கி அடித்தது.

அப்போது நான் பார்த்ததை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. ஒருவரும் கத்தவில்லை, ஓடவில்லை. சின்னப் பிள்ளைகளை ஒருத்தி கூட்டிக்கொண்டு டெம்போவுக்குப் போனாள். வனக்காவலர் போனில் தீயணைப்பு ஆட்களைக் கூப்பிட்டார். மற்றவர்கள் டெம்போவிலிருந்து கம்புகளை எடுத்தார்கள். லாரி டயரைப் பட்டையாக வெட்டி நுனியில் கட்டிய நீளக் கம்புகள். இரண்டு பேர் வயலுக்கு மருந்தடிக்கிற டேங்கில் தண்ணீரை நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டார்கள். காலைவரை இவனா அவனா என்று நான் சந்தேகப்பட்ட பிள்ளைகள், கோட்டுக்கு உள்பக்கமாக ஆளுக்கு ஆள் ஒரு கை நீள இடைவெளி விட்டு அமைதியாக வரிசை கட்டி நின்றார்கள். எங்கள் தொழிற்சாலையில் வருடா வருடம் தீ ஒத்திகை நடக்கும். பாதிப் பேர் டீக்கடைக்குப் போய்விடுவோம்.

நான் மட்டும்தான் முட்டாள்தனம் செய்தேன். ஒரு தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு தீயை நோக்கி ஓடப் பார்த்தேன். மகள் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தீயைத் தேடிப் போகக் கூடாது, அது நம்மிடம் வரும், கோட்டைத் தாண்டுகிற பொறியை மட்டும் அடித்தால் போதும் என்று மூன்று மொழியும் கலந்து சொன்னாள். அவள் நின்றிருந்த இடம் அந்த வளைவு. அந்தக் கோணல்.

போதும், வண்டிக்கு வா என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை. கல் மேட்டைக் கண்ணால் காட்டி, முதல் தடவையாக என்னிடம் உண்மையைச் சொன்னாள்.

"அப்பா, அங்க லாண்ட்கா இருக்கு. அதோட பிள்ளைங்க இருக்கு. சின்னச் சின்னப் பிள்ளைங்க. இன்னும் ஓட வராது."

லாண்ட்கா என்றால் ஓநாய். தமிழ் வார்த்தை அவளுக்குத் தெரியாது. குட்டி என்று சொல்ல வராமல் பிள்ளைங்க என்றாள். எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. கவிழ்த்து வைத்த போன், பால்கனிப் பேச்சு, விட்ட தேர்வுகள், நிலம் அப்படி, புல்லுதான்ப்பா, எல்லாம். கோட்டை நேராகப் போட்டிருந்தால் அந்தக் கல் மேடு தீயின் பக்கம் போயிருக்கும். அதை உள்ளே வைப்பதற்காகத்தான் இவர்கள் வளைத்திருக்கிறார்கள்.

அதற்குள் தீ வந்துவிட்டது. புல் தீயை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. முதலில் சத்தம்தான் வந்தது. தகர ஷீட்டின் மேல் பெருமழை பெய்கிற சத்தம். பிறகு முயல்கள் எங்கள் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடின. காடைகள் விர்ரென்று தலைக்கு மேலே பறந்தன. ஒரு சிங்காரா மான் எங்கள் வரிசையை மனிதர்கள் என்றே மதிக்காமல் தாண்டிக் குதித்துப் போனது. அதன் பின்னால் சுவர் மாதிரி தீ. முகம் வெந்துவிடும் போல இருந்தது. மகளை என் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டேன். அவள் மறுபடியும் முன்னால் வந்து நின்றாள்.

ஆள் உயரத்துக்கு வந்துகொண்டிருந்த தீ, வெறும் மண்ணைத் தொட்டதும் குனிந்தது. மூச்சு வாங்கியது. இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் பார்த்தது. பிறகு அப்படியே அடங்கியது. வளைவு நெடுக, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, அந்தப் பிள்ளைகள் கையால் வாரிய மண்ணில் வந்து நின்றுவிட்டது. எத்தனையோ துல்லியமான வேலையைப் பார்த்தவன் நான். இப்படி ஒரு வேலையைப் பார்த்ததில்லை.

அங்கங்கே தாண்டி விழுந்த பொறிகளைப் பிள்ளைகள் டயர்ப் பட்டையால் பொத்திப் பொத்தி அணைத்தார்கள். அப்போதுதான் ஒரு தீக்கங்கு காற்றில் எழும்பி, எங்கள் எல்லாரையும் தாண்டி, கல் மேட்டுக்குச் சற்று முன்னால் போய் விழுந்தது. புல் புகைந்தது. ஒருவரும் நகரவில்லை. அந்த மேட்டுக்குப் பக்கத்தில் யாரும் போகக் கூடாது என்பது அவர்களுக்குள் கட்டுப்பாடு. ஆட்கள் நெருங்கினால் தாய் பயந்துபோகும். தாயி வரிசையைப் பார்த்தாள். மேட்டுக்கு அருகில் நின்றவள் என் மகள்தான். தாயி அவளைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்தாள்.

என் பெண் போனாள். ஓடவில்லை. பாதி குனிந்து, கம்பைத் தரையோடு பிடித்துக்கொண்டு, மெதுவாகப் போனாள்.

கல்லுக்கு நடுவே ஒன்று எழுந்து நின்றது. முதலில் அதுவும் ஒரு கல் என்றே நினைத்தேன். அதே நிறம். ஒல்லியான உடம்பு, நீளமான கால்கள், விறைத்து நின்ற காதுகள். சுற்றிலும் தீ, புகை, மனிதர்கள். அது ஓடிப் போயிருக்கலாம், பின்பக்கம் வழி திறந்தேதான் இருந்தது. போகவில்லை. தன் பிள்ளைகளுக்கும் தீக்கும் நடுவில் நின்றுகொண்டு என் மகளைப் பார்த்தது. அவள் நிமிராமல் கங்கின் மேல் பட்டையை வைத்து அழுத்தினாள், மறுபடி அழுத்தினாள், புகை நிற்கும்வரை அழுத்திக்கொண்டிருந்தாள். பிறகு தலையை உயர்த்தினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எவ்வளவு நேரம் என்று என்னிடம் கேட்காதீர்கள். முதுகைக் காட்டாமல், வந்த வழியே பின்பக்கமாக நடந்து என் பெண் கோட்டுக்குத் திரும்பி வந்தாள்.

ஓநாய் சற்று நேரம் நின்றது. அப்புறம் கல்லுக்கு நடுவே திரும்பிப் போய்விட்டது.

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். வெட்கமாக இல்லை. இருபது பேருக்கு நடுவே அப்பா அழுகிறாரே என்று அவளுக்குத்தான் கூச்சமாக இருந்திருக்கும். ஆனால் சுற்றிலும் பார்த்தபோதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய ஆச்சரியம் காத்திருந்தது. தட்டில் வடா பாவ் வந்தாலே போட்டோ எடுத்துப் போடுகிற வயது. எதிரே ஒரு ஓநாய் நின்றுவிட்டுப் போயிருக்கிறது. ஒரு பிள்ளையின் கையிலும் போன் இல்லை. கைதட்டக்கூட இல்லை. கரி பூசிய முகங்களோடு எல்லாரும் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் கண்ணாடிப் பையன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பிறகு தாயி எனக்குச் சொன்னாள். இந்த இடம் வெளியே தெரிந்தால் மறுநாளே காரும் கேமராவும் வந்து நிற்குமாம். ஓநாயிடம் ஆட்டை இழந்த கோபத்தில் பொந்துக்குள் புகை போட்டுக் குட்டிகளைக் கொல்கிறவர்களும் உண்டாம். தொந்தரவு தாங்காமல் தாய் குட்டிகளைக் கவ்விக்கொண்டு இடம் மாறினால், எல்லாக் குட்டிகளும் உயிரோடு போய்ச் சேர்வதில்லையாம். அதனால் மேட்டுப் பக்கம் புல் அறுக்கப் போனபோது குட்டிகளை முதலில் பார்த்த அன்றே இவர்கள் தங்களுக்குள் ஒரு முடிவு செய்திருக்கிறார்கள். பெற்ற அம்மா அப்பாவுக்கும் சொல்வதில்லை. கேட்டால் புல்லுதான். இத்தனை வீடுகளில் இத்தனை பிள்ளைகள், ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. என் மகள் என்னிடம் திட்டு வாங்கினாள், படிப்பு போச்சு என்று பட்டம் வாங்கினாள், பையன் பின்னால் சுற்றுகிறாள் என்ற பேச்சையும் கேட்டுக்கொண்டாள். கடைசி ஞாயிறு என்று நான் சொன்னபோதும், ஒரே ஒரு வார்த்தையில் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை.

திரும்பி வரும்போது டெம்போவில் என் தோளில் சாய்ந்துகொண்டாள். முடியெல்லாம் புகை நாற்றம். நான் சொன்ன தீர்ப்பு அப்படியே நின்றுகொண்டிருந்தது, அவளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. புனே விளக்குகள் தெரிய ஆரம்பித்தபோது நானே கேட்டேன், "பாப்பா, அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு வண்டி?"

அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விட்ட தேர்வுகளை எப்படிச் சரிக்கட்டுவது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தோம், அது வேறு கதை.

வீட்டுக் கதவைத் திறந்ததும் என் மனைவி எங்கள் கோலத்தைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள். புல்லில் தீப்பிடித்தது, அணைத்தோம் என்று பாதியைச் சொன்னேன். அவள் விடுவாளா? அப்படி அந்தப் பொட்டல் காட்டில் என்னதான் இருக்கிறது என்று இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். மகள் செருப்பைக் கழற்றுகிற மாதிரி குனிந்துகொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"புல்லுதான்," என்றேன்.

அந்தக் குட்டிகள் வளர்ந்து, அந்த மேட்டை விட்டுப் போய் மாதக்கணக்காகிறது. அதனால்தான் இதை எழுத மகள் சம்மதித்தாள், அதுவும் ஊர் பெயர் வரக் கூடாது என்ற நிபந்தனையோடு. என் மனைவிக்கு முழுக் கதையும் இதைப் படிக்கும்போதுதான் தெரியப்போகிறது. எனக்கு இருக்கிறது அன்றைக்கு. தொழிற்சாலையில் இன்றைக்கும் கோணலைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன், அதற்குத்தான் சம்பளம். ஆனால் வீட்டிலோ வெளியிலோ ஒரு பிள்ளை நேராகப் போகாமல் வளைந்து போவதைப் பார்த்தால், கோணல் என்று சொல்ல வாயெடுப்பதற்கு முன்னால், அது எதைச் சுற்றி வளைகிறது என்று ஒரு நிமிடம் நின்று பார்க்கிறேன்.